பழைய வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டல்: ஓர் எளிய விளக்கம்

பரணில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணினியை இறக்கி, மின்சாரம் கொடுத்து, பொத்தானை அழுத்தும்போது விசிறி மட்டும் சுற்றித் திரை இருட்டாகவே இருந்தால், அதிலிருந்த படங்களும் கடிதங்களும் அத்தோடு போயின என்றே பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த கணினியில் பெரும்பாலும் பழுதாகியிருப்பது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியாகவோ, மதர்போர்டில் வீங்கிப்போன கெபாசிட்டராகவோ, களிம்பேறிய ராம் இணைப்பாகவோ இருக்கும். கோப்புகளைத் தாங்கியிருக்கும் ஹார்ட் டிஸ்க், அதாவது வன்தட்டு, அதே பெட்டிக்குள் நான்கு திருகுகளால் பொருத்தப்பட்ட தனிப்பொருள். அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், பல வேளைகளில் எல்லாக் கோப்புகளும் வைத்த இடத்திலேயே இருப்பதைக் காணலாம். எனவே கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. கடைகளில் விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருவதையே பழுதுபார்ப்பாகக் கருதும் பழக்கம் உண்டு. அந்த ஒரு செயலே மீட்கக்கூடியதாக இருந்தவற்றை மீட்க முடியாதவையாக ஆக்கிவிடக்கூடும். அது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால், இக்கட்டுரையின் பாதி விளங்கிவிடும்.

வன்தட்டுக்குள் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன, காந்தப் பூச்சுக் கொண்ட வட்டத் தட்டுகள் இருக்கின்றன. மேசைக் கணினிகளில் இவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழலும். தட்டைத் தொடாமல், நானோமீட்டர் கணக்கிலான இடைவெளியில் மிதந்து செல்லும் ஹெட் என்னும் முனை, பூச்சின் மிகச் சிறு பகுதிகளைக் காந்தமாக்கி எழுதுகிறது. அந்தக் காந்தத் திசைகளை உணர்ந்து படிக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் அந்தக் காந்த நிலை அப்படியே நிற்கும். தட்டின் பரப்பு செக்டார் எனப்படும் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். பழைய வன்தட்டுகளில் ஒரு செக்டார் 512 பைட்டுகளைக் கொள்ளும். ஒரு புகைப்படம் இத்தகைய ஆயிரக்கணக்கான கட்டங்களில் வைக்கப்படுகிறது. எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்னும் கணக்கு மட்டும் தனியே ஒரு பதிவேட்டில் எழுதப்படுகிறது. இந்தப் பதிவேட்டையும் அதன் விதிகளையும் சேர்த்துத்தான் கோப்பு முறைமை என்கிறோம். விண்டோஸ் 98 காலத்துக் கணினிகளில் ஃபேட்32 என்பதும், எக்ஸ்பி முதல் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்பதும் இவ்வகையில் வழங்குபவை.

ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது இந்தப் பதிவேட்டில் மட்டுமே மாற்றம் நிகழ்கிறது. பட்டாவில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். ஃபேட்32 முறையில் கோப்புப் பெயரின் முதலெழுத்து இருக்கும் இடத்தில் 'இது நீக்கப்பட்டது' என்பதற்கான ஒரு குறி இடப்படுகிறது. மீட்புக் கருவிகள் சில சமயம் முதலெழுத்து இல்லாத பெயர்களைக் காட்டுவதற்கு இதுவே காரணம். என்டிஎஃப்எஸ் முறையில் அந்தக் கோப்பின் பதிவு 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படுகிறது. கோப்பு எந்தக் கட்டங்களில் இருந்தது என்னும் விவரம், அந்தப் பதிவு வேறொரு கோப்புக்குக் கொடுக்கப்படும் வரை, அழியாமல் கிடக்கிறது. இரு முறைகளிலும் உள்ளடக்கம் தட்டில் இருந்தபடியே இருக்கும். ஆனால் அந்த இடம் இப்போது காலி மனையாகக் கணக்கில் இருப்பதால், அடுத்து எழுதப்படும் ஏதோவொரு கோப்பு அங்கே குடியேறலாம். அப்படிக் குடியேறிய பின் பழைய உள்ளடக்கத்தை மீட்க வழியே இல்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவுவது பல ஜிகாபைட்டுகளை ஒரே மூச்சில் எழுதும் வேலை. அது எந்தக் காலி மனைகளின் மேல் விழும் என்பது நம் கையில் இல்லை.

ஃபார்மட் செய்த வன்தட்டுக்கும் இதே நியாயம்தான். விரைவு ஃபார்மட் என்பது பழைய பதிவேட்டைக் கைவிட்டுப் புதிய வெற்றுப் பதிவேடு ஒன்றைத் தொடங்குவது மட்டுமே என்பதால், உள்ளடக்கத்தின் பெரும்பகுதி தப்பியிருக்கும். முழு ஃபார்மட்டில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. எக்ஸ்பி, கெட்ட செக்டார்கள் உண்டா என்று தட்டு முழுவதையும் படித்துப் பார்த்ததே தவிர, பழையவற்றின் மேல் எழுதவில்லை. அதற்கடுத்து வந்த விஸ்டா முதற்கொண்டு முழு ஃபார்மட் என்பது தட்டு முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. ஆகவே "ஃபார்மட் பண்ணிட்டேன்" என்று யாரேனும் சொன்னால், எந்த விண்டோஸில், எவ்வகை ஃபார்மட் என்று கேட்ட பிறகே நம்பிக்கை வைப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கையால் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கியபின் வன்தட்டைக் கழற்றவும். இணைப்பு முனையைப் பார்த்தாலே அதன் வகை தெரியும். இரண்டு வரிசையாக 40 ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ. அகன்ற பட்டைக் கம்பி வழியாக இணைக்கப்பட்டிருக்கும். ஊசிகள் இல்லாமல், எல் வடிவத்தில் இரண்டு தட்டையான நாக்குகள் இருந்தால் அது 2003ஆம் ஆண்டையொட்டிச் சந்தைக்கு வரத்தொடங்கிய சாட்டா. பழைய மடிக்கணினிகளின் சிறிய ஐடிஇ வன்தட்டில் மின்சாரத்துக்கும் சேர்த்து 44 ஊசிகள் இருக்கும். இம்மூன்றையும் யுஎஸ்பியாக மாற்றித் தரும் ஒரே அடாப்டர் கணினி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது அதனுடன் தனி மின்வழங்கி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டு சுழல்வதற்கு 12 வோல்ட் வேண்டும்; சாதாரண யுஎஸ்பி துளை கொடுப்பதோ 5 வோல்ட். மடிக்கணினியின் 2.5 அங்குல வன்தட்டுக்கு அந்த 5 வோல்ட்டே போதும். "இணைத்தேன், தெரியவில்லை, வன்தட்டு போய்விட்டது" என்னும் புலம்பல்களில் கணிசமானவை இந்த 12 வோல்ட்டோடு தொடர்புடையவை என்பது என் எண்ணம். ஐடிஇ வன்தட்டில் ஜம்பர் என்னும் சிறு பிளாஸ்டிக் தொப்பியும் உண்டு. வன்தட்டின் மேலுள்ள ஒட்டுச்சீட்டில் காட்டியபடி அதை மாஸ்டர் நிலையில் வைக்காவிட்டால், சில அடாப்டர்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டா.

மின்சாரம் கொடுத்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சீராக வேகமெடுக்கும் ஓசை நல்ல அறிகுறி. 'டிக், டிக்' என்று ஒரே கால இடைவெளியில் தட்டும் ஓசையோ, உலோகம் உரசும் ஓசையோ கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்வதன் ஓசை அது. பழுதான முனை தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டத் தொடங்கினால், சுரண்டப்பட்ட இடத்திலிருந்த எதையும் எவராலும் மீட்க முடியாது. இந்த நிலையில் உள்ள வன்தட்டு, தூசு நீக்கிய அறையில் முனைகளை மாற்றும் வசதியுள்ள நிறுவனங்களுக்கு உரியது. கட்டணம் அதிகம். உள்ளே இருப்பது அந்தப் பணத்துக்குத் தகுமா என்பதை உரியவர்தான் முடிவுசெய்ய வேண்டும். முடிவுக்கு வரும்வரை அதை இயக்காமல் வைப்பதே அதற்குச் செய்யும் நன்மை. உறைபெட்டியில் ஓரிரவு வைத்தால் வேலை செய்யும் என்னும் பழைய கைவைத்தியத்தை இன்னும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும் என்பதால், நம் ஊர்க் காற்றில் அது குறிப்பாகத் தவிர்க்க வேண்டியது. அதே மாடல் வன்தட்டின் சர்க்யூட் பலகையைக் கழற்றி மாட்டுவதும் புதிய வன்தட்டுகளில் அநேகமாகப் பலிப்பதில்லை, ஏனெனில் ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய தனி அளவீடுகள் அதன் சொந்தப் பலகையிலுள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஓசை சீராக இருந்து, வன்தட்டும் கணினியில் தெரிந்தால், விண்டோஸ் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கக்கூடும். ஒன்று, 'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்பது. மற்றொன்று, 'இதில் பிழைகள் இருக்கலாம், சரிசெய்யவா?' என்பது. இரண்டுக்கும் வேண்டாம் என்றே விடையளிக்க வேண்டும். முதலாவதன் தீங்கு வெளிப்படை. இரண்டாவது உதவிபோலத் தோன்றினாலும், அதன் நோக்கம் பதிவேட்டை முரணின்றி ஆக்குவதே ஒழிய, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அன்று. முரண்படும் கோப்புகளைத் துண்டித்தும் நீக்கியும்கூட அது தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

எல்லாம் நல்லபடியாகத் திறந்துவிட்டால், கோப்புகள் எங்கே இருக்கும் என்பதே அடுத்த கேள்வி. எக்ஸ்பியில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்னும் கோப்புறையிலும், விஸ்டா முதல் 'யூசர்ஸ்' என்னும் கோப்புறையிலும், ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி உள்கோப்புறை இருக்கும். டெஸ்க்டாப், படங்கள், ஆவணங்கள் யாவும் அதற்குள் அடக்கம். அவுட்லுக் மென்பொருள் வழியாக மின்னஞ்சல் பார்த்தவர்களின் கடிதங்கள், மறைக்கப்பட்ட கோப்புறையொன்றில் பிஎஸ்டி என்னும் பின்னொட்டுக் கொண்ட ஒரே பெரிய கோப்பாகக் கிடக்கும் என்பதால், மறைந்த கோப்புகளையும் காட்டுமாறு விண்டோஸுக்குச் சொல்ல வேண்டும். திறக்க முயலும்போது 'அனுமதி இல்லை' என்று வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கோப்புறைக்கு உரிமையாளர் பழைய கணினியிலிருந்த பயனர் என்பதே அதன் பொருள், நிர்வாகி உரிமையுடன் தொடர்ந்தால் திறந்துவிடும். எக்ஸ்பியில் கடவுச்சொல்லை மறந்திருந்தாலும் இதற்குத் தடையில்லை. ஆனால் கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் இருந்தால் அது மறையாக்கம் செய்யப்பட்டது. பழைய பயனரின் சான்றிதழ் இல்லாமல் திறக்காது. விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டுப் போட்ட வன்தட்டுக்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் அதனுள் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். சாவி எங்குமே இல்லையென்றால், தட்டு எவ்வளவு நலமாக இருந்தாலும் பயனில்லை.

மேலே சொன்னவை நலமான வன்தட்டுக்குப் பொருந்தும். படிக்கும்போது அடிக்கடி உறைந்து நிற்பதோ, சில கோப்புகள் மட்டும் பிழை காட்டுவதோ இருந்தால், அல்லது நீக்கிய கோப்புகளைத் தேட வேண்டியிருந்தால், வேறொரு வழியில் போக வேண்டும். அதாவது, கோப்புகளைத் தேடுவதற்கு முன் வன்தட்டு முழுவதையும் முதல் செக்டார் தொடங்கிக் கடைசி செக்டார் வரை ஒரே கோப்பாகப் படியெடுத்துக்கொள்வது. இதனை இமேஜ் எடுத்தல் என்பார்கள். பிறகு செய்யும் சோதனை எல்லாம் அந்தப் படியின் மேல்தான்; மூலத்தை மீண்டும் தொடவே வேண்டியதில்லை. தொடக்கநிலையினர் பலரும் சலித்துக்கொண்டு தவிர்ப்பது இந்த வேலையைத்தான், தொழில்முறையினர் ஒருபோதும் தவிர்க்காததும் இதைத்தான். தள்ளாடும் வன்தட்டுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஆயுள் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தை முனையை அங்குமிங்கும் ஓடவிட்டுத் தேடுவதில் செலவழிப்பதைவிட, ஒருமுறை சீராகப் படித்துமுடிப்பதில் செலவழிப்பதே அறிவுடைமை.

இதற்கெனவே உருவான கட்டற்ற மென்பொருள் ஜிஎன்யு டிடிரெஸ்கியூ. லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கி இதைப் பயன்படுத்தலாம். சாதாரணமாக ஒரு கோப்பை நகலெடுக்கும்போது கெட்ட செக்டார் ஒன்று எதிர்ப்பட்டால், இயங்குதளம் அதையே திரும்பத் திரும்ப முயன்று, இறுதியில் நகலெடுப்பதையே கைவிட்டுவிடும். டிடிரெஸ்கியூவோ அந்த இடத்தைத் தாவி, எளிதாகப் படிக்கக் கிடைப்பவற்றை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்கிறது; அதன் பிறகே விடுபட்ட இடங்களுக்குத் திரும்பி, அவற்றின் ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாக உள்ளே நுழைந்து, கிடைப்பதை எடுக்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், இடையில் மின்சாரம் போனாலும், வன்தட்டு சூடேறி நாமே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நலமான 80 ஜிபி வன்தட்டை இமேஜ் எடுக்க ஒரு மணி நேரம் போதுமானது. நலிந்ததற்கு நாட்கணக்கிலும் ஆகலாம். இமேஜைச் சேமிக்கும் இடம் மூல வன்தட்டின் முழுக் கொள்ளளவையும் தாங்க வேண்டும் என்பதையும், அந்த இடம் ஃபேட்32 முறையில் இருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை ஃபேட்32 ஏற்காது. பாதி வழியில் பிழை வந்து நிற்கும்போதுதான் பலருக்கும் இது தெரியவருகிறது.

இமேஜ் கைக்கு வந்தபின் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் இரட்டைக் கருவிகள் உதவும். கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய இவை இலவசமானவை. டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்ட்டிஷனையும் (வன்தட்டைப் பிரித்துவைத்த பகுதி) சிதைந்த பதிவேட்டையும் கண்டெடுக்க முயல்கிறது. அது வெற்றி பெற்றால் பெயர்களும் கோப்புறைகளும் பழையபடியே கிடைக்கும். பதிவேடே இல்லை என்றாகிவிட்டால் ஃபோட்டோரெக்கிடம் போக வேண்டும். அது பதிவேட்டைத் தேடுவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஒரு முத்திரை இருக்கிறது என்னும் உண்மையைப் பற்றிக்கொண்டு, தட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துச் செல்கிறது. பிடிஎஃப் கோப்பு தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டுதான் தொடங்குகிறது. ஜிப் கோப்பின் முதலிரு எழுத்துகள் 'பிகே'; அந்த வடிவத்தை வகுத்த ஃபில் கட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள் அவை. 2007 முதலான வேர்டு ஆவணங்களும் உள்ளுக்குள் ஜிப் வடிவத்திலேயே இருப்பதால், அவற்றைத் திறந்து பார்த்தாலும் அதே இரண்டு எழுத்துகள்தான். இவ்வழியில் மீட்ட கோப்புகளுக்குப் பழைய பெயர்கள் இரா. எண்களே பெயராக, ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அவற்றைத் தேதியாலும் அளவாலும் வகைப்படுத்துவது, மீட்பதைவிடப் பெரிய வேலை.

முத்திரை வழியாகத் தேடுவதற்கு ஒரு வரம்பு உண்டு. கோப்பு அடுத்தடுத்த கட்டங்களில் தொடர்ச்சியாக இருந்தால் முழுதாகக் கிடைக்கும். தட்டில் ஆங்காங்கே துண்டுபட்டிருந்தால், முதல் துண்டோடு தடம் அறுந்துவிடும். மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் மீளும் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். இதற்கு நேர்மாறாக, தொடர்ச்சியாக எழுதப்பட்டதால் பிழைத்த தரவு ஒன்று உலகறிந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரை பலிகொண்டு சிதறிய கொலம்பியா விண்ணோடத்தில், செனான் வாயுவின் பாகுநிலை குறித்த ஆய்வுத் தரவைக் கொண்ட வன்தட்டு ஒன்று இருந்தது. கருகி உருகிய நிலையில் தரையில் கண்டெடுக்கப்பட்ட அந்த வன்தட்டின் உள்தட்டுகளை, தரவு மீட்பு நிறுவனமான குரோல் ஆன்ட்ராக்கினர் தூய்மை செய்து வேறு வன்தட்டில் பொருத்திப் படித்தார்கள். ஏறத்தாழ 99 விழுக்காடு தரவு மீண்டது. ஆய்வு முடிவு 2008இல் வெளியானது. அந்த ஆய்வுக் கணினி விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடியதால் தரவு தட்டெங்கும் சிதறாமல் ஒரே பகுதியில் இருந்ததும், புழுதி சுரண்டிய பகுதி தரவு இல்லாத இடமாக இருந்ததும் இதற்குக் காரணங்கள். அதே விண்ணோடத்திலிருந்து கிடைத்த வேறிரண்டு வன்தட்டுகளில் எதுவும் மீளவில்லை. விண்ணிலிருந்து விழுந்ததே மீண்டதென்றால் என் வன்தட்டு மீளாதா என்று கேட்பவர்கள், அந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி இருக்கும் கணினிகளுக்கு மேற்சொன்னவற்றில் ஒரு பகுதி பொருந்தாது. விண்டோஸ் 7 தொடங்கி, கோப்பு நீக்கப்பட்டதும் அந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் செய்தி போகிறது. டிரிம் எனப்படும் இந்தச் செய்தியைப் பெற்றதும் அது தானாகவே அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்கிறது. எனவே நீக்கிய கோப்பை அங்கே தேடுவது பெரும்பாலும் வீண். நீக்காத கோப்புகளை எடுக்க மட்டும் வழக்கமான முறையே போதும்.

இவ்வளவும் முடிந்து, கோப்பு முழுதாகக் கிடைத்து, திறந்து பார்த்தால் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை என்னும் நிலை, 2000களில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் காத்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய கணினியிலிருந்து எடுத்த கடிதங்களைப் பார்த்து, மீட்புக் கருவிதான் கெடுத்துவிட்டது என்று நானும் முதலில் நினைத்தேன். உண்மையில் அவை சிதையவில்லை. அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. எடுத்துக்காட்டாக, இலங்கையில் மிகப் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டிய 'அம்மா' என்னும் சொல், கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகத்தான் பதிந்திருக்கிறது. தமிழக அரசு 1999இல் அறிவித்த டாம், டாப் குறியீடுகளும், இணையத்தில் வழங்கிய டிஸ்கியும், அச்சகங்கள் விலைகொடுத்து வாங்கிய எழுத்துருக்களும் ஆளுக்கொரு வரிசையைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாத புதிய கணினி, உள்ளே பதிந்திருப்பதை உள்ளபடி காட்டுகிறது. நமக்கு அது குப்பையாகத் தெரிகிறது.

ஆகவே ஆவணங்களோடு பழைய விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' என்னும் உள்கோப்புறையையும் முழுவதுமாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதிக இடம் பிடிக்காத அந்தக் கோப்புறைதான் உங்கள் தமிழ்க் கோப்புகளின் திறவுகோல். அந்த எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவினால் எழுத்துகள் உடனே தமிழாகும். நிலையாகப் பயன்படுத்த விரும்பினால், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் எந்தக் குறியீடு என்பதைத் தெரிவுசெய்து, இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். குறியீட்டின் பெயர் தெரியாதவர்கள் வேர்டு ஆவணத்தைத் திறந்து, உரையைத் தெரிவுசெய்து, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்தால் துப்புக் கிடைக்கும். மாற்றியபின் கொம்புகளையும் துணைக்கால்களையும் ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பது நல்லது. பழைய எழுத்துருக்களில் கொம்பை முன்னால் தனியே தட்டிய இடங்களில் மாற்றிகள் தடுமாறுவதுண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகைகளும் மலர்களும் இருந்தால், அவற்றை அதன் வழிவந்த இன்டிசைனின் பழைய பதிப்புகளில் திறந்து பிடிஎஃப் ஆக்கிவைக்கலாம். அதற்கும் முதலில் அந்த எழுத்துருக்கள் வேண்டும்.

மீட்டவற்றை இரண்டு தனித்தனி இடங்களில் வைத்து, ஒவ்வொரு கோப்புறையிலும் நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகும், பழைய வன்தட்டை உடனே எடைக்குப் போட வேண்டாம். சில மாதங்கள் கழித்து, "அந்த ஊட்டிப் படம் எங்கே?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்.